ஜூன் கேம்ப்: நான்கு வழிகளில் எதற்குப் பணம் கட்டலாம்?

மே மாதம் வந்துவிட்டால், அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆடும் பையன்கள் இருக்கிற வீடுகளின் மெயில் பெட்டியில் ஒரே மாதிரிக் கடிதங்கள் குவியும். மேலே பெரிய கல்லூரியின் சின்னம், அடுத்து பையனின் பெயர், "எங்கள் கேம்புக்கு உன்னை அழைக்கிறோம்" என்று ஒரு வரி, அதன் கீழே பணம் கட்டும் பொத்தான். கேம்ப் என்பது கோச்சுகள் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து, யாரைத் தங்கள் கல்லூரி அணியில் சேர்க்கலாம் என்று பார்க்கும் நாள். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நம்மூர் அப்பா அம்மாக்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. "நாலு அழைப்பு வந்திருக்கு, நாலுக்கும் அனுப்பணுமா? பக்கத்து ஹைஸ்கூல் மைதானத்திலேயே ஒரு கேம்ப் நடக்குதே, அது போதாதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, யார் எந்த மைதானத்தில் நிற்கலாம் என்ற விதி தெரிய வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, 2017-ல் அதை அடியோடு மாற்றியது. அந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் கேம்ப் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் சின்னத்துக்குத்தான் பணம் கட்டுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பையனைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரமுள்ள கோச் அன்று மைதானத்தில் இருப்பாரா என்பது. அவர் அங்கே இருக்க விதி இடம் தருகிறதா என்பதும் இதில் அடக்கம். இரண்டாவது, அவர் பையனிடம் சேர்க்கை பற்றிப் பேசலாமா என்பது. மூன்றாவது, ஒரே நாளில் எத்தனை கல்லூரிகளின் கண்ணில் படலாம். நான்காவது செலவு. கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும், வீட்டு வாசலிலிருந்து திரும்ப வீட்டு வாசல் வரைக்கும் ஆகும் செலவைப் போட வேண்டும்.

ஐந்தாவதை யாரும் சொல்வதில்லை: பையனின் தரமும் அந்தக் கல்லூரியின் தரமும் ஒத்துப்போகிறதா? இதை அப்பா தீர்மானிக்கக் கூடாது. ஹைஸ்கூல் கோச்சிடம் தனியாகப் போய், "உண்மையைச் சொல்லுங்கள், எந்த டிவிஷன்?" என்று கேட்டுவிடுவது நல்லது. டிவிஷன் என்பது கல்லூரிகளை என்சிஏஏ ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்திருக்கும் படி. அவர் சொல்வது கசந்தாலும் சில ஆயிரம் டாலர் மிச்சமாகும்.

## பெரிய கோச் ஏன் ஹைஸ்கூல் மைதானத்துக்கு வருவதில்லை

ஒரு காலத்தில் வந்தார்கள். டிவிஷன் ஒன்றின் மேல்தட்டான எஃப்பிஎஸ் கல்லூரிகள் தங்கள் கேம்பைத் தங்கள் மாநிலத்துக்குள்ளே நடத்த வேண்டும், வெளிமாநிலம் என்றால் வளாகத்திலிருந்து 50 மைலுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் வேறு யாரோ நடத்தும் கேம்பில் கோச்சுகள் விருந்தாளியாக வேலை பார்க்கத் தடை இல்லை. 2014-ல் பென் ஸ்டேட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் அந்த ஓட்டை வழியாகத் தன் குழுவோடு தெற்கே இறங்கினார். அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் கேம்பிலும், ஃப்ளோரிடாவில் ஸ்டெட்சன் கேம்பிலும் போய் நின்றார். தெற்கத்திய கல்லூரிகளின் எஸ்இசி கூட்டமைப்புக்கு அது பொறுக்கவில்லை. ஏனென்றால் அவர்கள் தங்கள் கோச்சுகளுக்கு அதே வேலையைத் தாங்களே தடை செய்து வைத்திருந்தார்கள். தங்கள் கொல்லையில் வடக்கத்தியர்கள் ஆள் எடுக்கிறார்கள், தாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது என்ற எரிச்சல்.

மறு வருடம் மிஷிகன் கோச் ஜிம் ஹார்பா இதைத் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார். 2015 ஜூனில் அலபாமாவின் ப்ராட்வில் ஹைஸ்கூல் மைதானத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பையன்களோடு ஓடியாடிய அவருடைய படம் நாடெங்கும் சுற்றியது. கலிஃபோர்னியா வரை அந்தப் பயணம் போனது. இப்படி வெளியூர் போய் நடத்தும் கேம்புக்குச் சாட்டிலைட் கேம்ப் என்ற பெயர் ஊருக்கெல்லாம் பழகியது அப்போதுதான்.

2016 ஏப்ரல் 8 அன்று என்சிஏஏ கவுன்சில் இவற்றை ஒரேயடியாகத் தடை செய்தது. ஓட்டு 10-க்கு 5. ஐந்து பெரிய கூட்டமைப்புகளின் ஓட்டுக்கு இரட்டை மதிப்பு. எஸ்இசி, ஏசிசி, பிக் 12, பேக் 12 ஆகிய நான்கும், மவுண்டன் வெஸ்ட், சன் பெல்ட் இரண்டும் தடைக்கு ஆதரவு. பிக் டென்னும் மூன்று சிறிய கூட்டமைப்புகளும் எதிர்ப்பு. இதில் ஒரு வேடிக்கை: பேக் 12 பிரதிநிதி தன் கூட்டமைப்பின் பெரும்பான்மைக்கு மாறாக ஓட்டுப் போட்டுவிட்டார் என்பது பிறகு வெளியே வந்தது.

தடைக்கு எழுந்த எதிர்ப்பு ஹார்பாவுக்காக மட்டும் அல்ல. மிஷிகன் கோச் வருகிறார் என்றால் அதே மைதானத்துக்குச் சின்னக் கல்லூரிகளின் கோச்சுகளும் வருவார்கள். மிஷிகனுக்கு எட்டாத பையனுக்கு ஒஹாயோ பக்கத்து நடுத்தரக் கல்லூரி ஒன்று ஸ்காலர்ஷிப் கொடுத்துவிடும். விமானச் செலவு செய்ய முடியாத குடும்பங்களுக்கு அது பெரிய வாசல். தடை 20 நாள்கூடத் தாண்டவில்லை. ஏப்ரல் 28 அன்று என்சிஏஏ இயக்குநர் குழுவே அதை ரத்து செய்தது. அந்த ஜூனில் எல்லாரும் இறங்கினார்கள். நியூ ஜெர்ஸியில் பராமஸ் கத்தோலிக் ஹைஸ்கூலில் மிஷிகன் கேம்ப் நடந்த அதே நாளில், அதே மாநிலத்தில் ஃபேர்லி டிக்கின்சன் வளாகத்தில் ரட்கர்ஸும் ஒஹாயோ ஸ்டேட்டும் சேர்ந்து போட்டிக் கேம்ப் நடத்தின.

மறுபக்கத்தின் பயமும் வெறும் பொறாமை அல்ல. கேம்பை யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்யலாம், கோச்சைக் கூட்டி வருகிறேன் என்று பணம் பார்க்கலாம், பையனைச் சுற்றித் தரகர்கள் முளைப்பார்கள் என்று அப்போது அலபாமா கோச்சாக இருந்த நிக் சேபன் கடுமையாகப் பேசினார். ஹைஸ்கூல் கூடைப்பந்தில் அப்படித் தரகர்கள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு அதில் நியாயம் தெரியும்.

2017 ஏப்ரலில் நடுவழி ஒன்று வந்தது. எஃப்பிஎஸ் கோச்சுகள் கேம்பில் வேலை பார்க்க ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலும் சேர்த்து 10 நாள்தான். கேம்ப் ஒரு கல்லூரியின் வளாகத்தில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கல்லூரி வழக்கமாகப் பயிற்சிக்கோ போட்டிக்கோ பயன்படுத்தும் இடத்தில் நடக்க வேண்டும். ஹைஸ்கூல் மைதானம் அத்தோடு பட்டியலிலிருந்து விழுந்தது. பதிலுக்கு ஒரு சலுகை: கேம்பில் வேலை பார்க்கும் கோச், அங்கே வந்திருக்கும் பையனிடம் சேர்க்கை பற்றி வெளிப்படையாகப் பேசலாம். கல்லூரியில் சேரும் தகுதி, சூதாட்டம், ஏஜென்ட், போதை மருந்து விதிகள் பற்றிய வகுப்பும் கேம்பில் கட்டாயம்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

## வழி ஒன்று: கல்லூரியின் சொந்தக் கேம்ப்

சின்னம் போட்டு வரும் கடிதங்களில் முக்கால்வாசி இதுதான். ஒரு நாள் கேம்ப், கட்டணம் பெரும்பாலும் நூறு டாலருக்குள் அடங்கும்.

நல்லது என்னவென்றால், அந்தக் கல்லூரியின் மொத்தக் கோச் குழுவும் அங்கே இருக்கும். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை, அவர்களுக்கென்றே இருக்கும் ரிசீவர் கோச்சே ஓட வைப்பார். பையனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த முறை அதைச் செய்கிறானா என்று பார்ப்பார். வீடியோவில் இது தெரியாது. வளாகத்தையும் பார்த்துவிடலாம்.

மறைந்திருக்கும் விஷயம் வேறு. கேம்ப் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என்சிஏஏ விதி. வயது, வகுப்பு, மொத்த எண்ணிக்கை என்று வரம்பு வைக்கலாம், திறமையை வைத்து யாரையும் நிறுத்த முடியாது. ஆக "அழைப்பு" என்பதற்கு அர்த்தமே இல்லை. பணம் கட்டினால் யாரும் வரலாம். இன்னொன்று: பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை கல்லூரி ஒரு பையனுக்குச் சேர்க்கைக் கடிதம் அனுப்பக் கூடாது, ஆனால் கேம்ப் விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒன்பதாவது படிக்கும் பையனுக்குப் பெரிய கல்லூரியிலிருந்து கடிதம் வருவதன் ரகசியம் இவ்வளவுதான். அதை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு, மாட்டட்டும். ஆனால் அதை நம்பி விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இலவசமாகவோ தள்ளுபடியிலோ ஒரு நல்ல ஆட்டக்காரனைக் கேம்புக்குச் சேர்க்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஸ்காலர்ஷிப் கிடைக்கப் போகிறவனும் கிடைக்க வாய்ப்பே இல்லாதவனும் ஒரே கட்டணம் கட்டி ஒரே வரிசையில் நிற்பார்கள். யார் எந்த ரகம் என்பது கோச்சின் கையில் இருக்கும் தாளில் ஏற்கெனவே குறித்திருக்கும். பொசிஷன் கோச் (பையன் ஆடும் இடத்துக்கென்று இருக்கும் கோச்) பையனின் பெயரைச் சொல்லி, அவனுடைய வீடியோவில் பார்த்த ஒரு ஆட்டத்தைக் குறிப்பிட்டுப் பேசியிருந்தாலோ, ஹைஸ்கூல் கோச்சுக்குப் போன் போட்டிருந்தாலோ, அந்தக் கேம்புக்கு எவ்வளவு தூரமானாலும் போகலாம். அப்படி இல்லையென்றால் காரில் போய் அன்றே திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள கல்லூரி போதும்.

## வழி இரண்டு: சின்னக் கல்லூரி வளாகத்தில் மெகா கேம்ப்

2017 விதிக்குப் பிறகு ஹைஸ்கூல் கேம்பின் இடத்தைப் பிடித்தது இதுதான். கல்லூரி வளாகத்தில் நடந்தால் போதும் என்பதால், சின்னக் கல்லூரி ஒன்று இடம் கொடுக்கும், பெரியதும் சிறியதுமாகப் பல கல்லூரிகளின் கோச்சுகள் அங்கே வேலை பார்க்க வருவார்கள். ஜார்ஜியாவில் மெர்சர், டெக்ஸஸில் மேரி ஹார்டின்-பெய்லர், மிசூரியில் லிண்டன்வுட், மிஷிகனில் ஃபெரிஸ் ஸ்டேட் போன்றவை இப்படி நடத்தியிருக்கின்றன.

காட்சி இப்படி இருக்கும். காலையில் நீண்ட வரிசை. செருப்பையும் ஷூவையும் கழற்றச் சொல்லி உயரம் அளப்பார்கள், எடை, சுவரில் ஒட்டிய டேப்பில் கை விரித்த அகலம். சட்டையில் ஒரு எண் ஒட்டுவார்கள், அன்று முழுக்க அந்த எண்தான் பையனின் பெயர். அப்புறம் 40 கெஜ ஓட்டம், 5-10-5 ஷட்டில் என்ற திரும்பித் திரும்பி ஓடும் ஓட்டம், தாண்டல். அதற்குப் பிறகு பொசிஷன் வாரியாகப் பிரித்துப் பயிற்சி. கடைசியில் ஒருவருக்கு ஒருவர் மோதல்: ரிசீவருக்கு எதிரே அவரைத் தடுக்கும் கார்னர்பேக், ஆஃபென்ஸ் லைன்மேனுக்கு எதிரே டிஃபென்ஸ் லைன்மேன். கோச்சுகள் நிழலைவிட்டு வெளியே வருவது இந்தக் கடைசி அரை மணிக்குத்தான். ஐம்பது ரிசீவர் நிற்கும் வரிசையில் ஒரு பையனுக்கு மூன்று முறை வாய்ப்புக் கிடைத்தால் அதிகம். கூச்சப்பட்டுப் பின்னால் நிற்கிறவனுக்கு ஒன்றுதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிளம்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டியது: அங்கே மரியாதை பார்த்து வழி விடாதே, முன்னால் போய் நில்.

நான் பலருக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன். ஹைஸ்கூலில் நன்றாக ஆடும் பையன்களில் பெரும்பாலோருக்கு வாய்ப்பு இருப்பது எஃப்பிஎஸ்ஸில் அல்ல. டிவிஷன் ஒன்றின் அடுத்த தட்டான எஃப்சிஎஸ், டிவிஷன் இரண்டு, டிவிஷன் மூன்றில். அந்தக் கோச்சுகள் ஒரே நாளில் ஒரே புல்தரையில் கிடைப்பது இங்கேதான். அண்மை மாற்றங்களும் இந்தப் பக்கமே தள்ளுகின்றன. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகள் ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் வைக்கக் கூடாது. முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமலே ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் இடம் சுருங்கிவிட்டது. வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடி முதிர்ந்தவனை மாற்றிக் கொண்டுவரும் வழியும் திறந்திருக்கிறது. மேலே இடம் குறையக் குறைய, நல்ல பையன்கள் ஒரு படி கீழே வருகிறார்கள்.

குறையும் உண்டு. "60 கல்லூரிகள் வருகின்றன" என்ற பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. எஃப்பிஎஸ் கோச்சுக்கு மொத்தமே 10 நாள். அதில் சொந்தக் கேம்புக்குப் போனது போக மிஞ்சுவதைத்தான் வெளியே கொடுப்பார்கள். சின்னத்தைப் பட்டியலில் போட ஒரே ஒரு இளம் உதவிக் கோச் வந்தாலும் போதும், அவர் வேறு பொசிஷன்காரராக இருந்தால் உங்கள் பையனைப் பார்க்கவே மாட்டார்.

ஸ்காலர்ஷிப் கணக்கிலும் ஏமாந்துவிடக் கூடாது. டிவிஷன் இரண்டில் ஒரு அணிக்கு 36 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான், அதைப் பலருக்கும் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஒரு காசு கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தருவதுதான். ஹார்வர்ட், யேல் போன்ற கல்லூரிகளின் ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. நம் வீடுகளில் மதிப்பெண் பெரும்பாலும் பலமான பக்கம் என்பதால், இந்தக் கடைசி இரண்டையும் ஒதுக்கிவிட வேண்டாம். நல்ல மார்க் வைத்திருக்கும் பையனுக்கு டிவிஷன் மூன்றில் கிடைக்கும் சலுகை, டிவிஷன் இரண்டின் துண்டு ஸ்காலர்ஷிப்பைவிட அதிகமாக இருக்கலாம்.

## வழி மூன்று: ஹைஸ்கூல் மைதானத்தில் தனியார் கேம்ப்

பக்கத்திலேயே இருக்கும், செலவு குறைவு, பையனின் நண்பர்களும் வருவார்கள். விளம்பரத்தில் கல்லூரிகளின் சின்னங்கள் வரிசையாக இருக்கும். அடியில் சிறிய எழுத்தில் "இங்கே ஆடியவர்கள் சேர்ந்த கல்லூரிகள்" என்று போட்டிருக்கும். வருகிற கல்லூரிகள் என்று படித்துவிடாதீர்கள்.

ஜூன் மாதத்தின் பெரும்பகுதி எஃப்பிஎஸ் கோச்சுகள் தங்கள் வளாகத்துக்கு வெளியே பையன்களைச் சந்திக்கவோ மதிப்பிடவோ கூடாத காலம். கடைசி வாரத்திலிருந்து ஜூலையின் பெரும்பகுதி வளாகத்திலும் சந்திக்கக் கூடாது. ஆகவே ஹைஸ்கூல் மைதானத்தில் ஜூலை நடுவில் நடக்கும் கேம்புக்கு மேல்தட்டுக் கோச் வருவார் என்று யாராவது சொன்னால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஆனாலும் இது வீண் இல்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையனுக்கு நுணுக்கம் கற்க இதுவே போதும். கோச் பார்க்கும் முன்னால் தப்பையெல்லாம் இங்கே செய்து தீர்த்துக்கொள்ளலாம். பந்தை உதைக்கும் கிக்கர், பன்டர், அவர்களுக்குப் பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்கும் லாங் ஸ்நாப்பர் பையன்களுக்குக் கதையே வேறு. பல கல்லூரிகளில் அந்த வேலைக்கென்று தனித் தேர்ச்சியுள்ள கோச் இருப்பதில்லை, ஆகவே தனியார் கிக்கிங் கேம்புகளின் தரவரிசையைக் கல்லூரிகள் கவனிக்கின்றன. சாக்கர் ஆடிப் பழகிய கால் உள்ள பையனாக இருந்தால் அப்படிப்பட்ட கேம்ப் ஒன்றுக்குப் பணம் கட்டுவதில் தப்பில்லை.

## வழி நான்கு: கேம்பே வேண்டாம்

ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே முடியும் வரை உதவிக் கோச்சுகள் ஹைஸ்கூல்களுக்கு நேரில் வந்து பயிற்சியைப் பார்ப்பார்கள். தலைமைக் கோச்சுக்கு அந்தக் காலத்தில் வெளியே போக அனுமதி கிடையாது. 2008-ல் வந்த அந்தத் தடையைச் சேபன் விதி என்றே சொல்வார்கள். டெக்ஸஸ், ஃப்ளோரிடா மாதிரி வசந்த காலப் பயிற்சி நடக்கும் மாநிலத்தில், நல்ல அணியில் ஆடும் பையனுக்கு இதுவே பாதி வேலையை முடித்துவிடும். சின்ன ஊரில், யாரும் வராத பள்ளியில் ஆடுபவனுக்கு இந்த வழி உதவாது.

இதன் விலை வேறு விதத்தில் இருக்கிறது. உயரமும் வேகமும் வீடியோவில் நம்பும்படி தெரியாது. பள்ளி இணையத்தளத்தில் ஆறடி இரண்டு அங்குலம் என்று போட்டிருக்கும் பையன் டேப்புக்கு முன்னால் ஆறடிக்கும் கீழே நிற்பதைக் கோச்சுகள் எத்தனையோ முறை பார்த்துவிட்டார்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சொந்தக் கேம்ப் | மெகா கேம்ப் | ஹைஸ்கூல் தனியார் கேம்ப் | கேம்ப் இல்லாமல் |
|---|---|---|---|---|
| எஃப்பிஎஸ் கோச் | முழுக் குழு | சிலர், நிச்சயமில்லை | இல்லை | மே வரை உதவிக் கோச்சுகள் |
| மற்ற டிவிஷன் கோச்சுகள் | குறைவு | அதிகம் | ஒரு சிலர் வரலாம் | பள்ளியைப் பொறுத்து |
| சேர்க்கைப் பேச்சு | அங்கேயே பேசலாம் | அங்கேயே பேசலாம் | எஃப்பிஎஸ்ஸோடு இல்லை | பெரும்பாலும் ஹைஸ்கூல் கோச் வழியாக |
| மறைந்த செலவு | பயணம், ஓட்டல் | பயணம், கூட்டம் | வீணாகும் ஒரு நாள் | அளவுகளை நம்ப ஆள் இல்லை |
| யாருக்குச் சரி | கோச் பெயர் சொல்லிக் கேட்ட பையன் | 11-ஆவது முடித்த பெரும்பாலோர் | 9, 10-ஆம் வகுப்பு, கிக்கர் | பலமான அணியில் ஆடுபவன் |

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டணம் 60 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பறந்து போகும் தூரமென்றால் இருவருக்கு டிக்கெட், ஒரு இரவு ஓட்டல், வாடகைக் கார் என்று அதைப்போல் பத்து மடங்கு கரைந்துவிடும். டாக்டர் கையெழுத்திட்ட உடல் தகுதிப் படிவம் இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கேம்பில் கால் முறிந்தால் அவர்களுடைய காப்பீடு பெரும்பாலும் உங்கள் காப்பீடு கொடுத்தது போக மிச்சத்துக்குத்தான். ஒரே வாரத்தில் மூன்று ஊர் மூன்று கேம்ப் என்று இழுத்துக்கொண்டு போனால், மூன்றாவது ஊரில் பையனின் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும், 40 கெஜ ஓட்டம் மோசமாகும், அந்த நேரம்தான் தாளில் ஏறும்.

பதினோராவது முடித்த பையனுக்கு என் கணக்கு: ஜூன் முதல் பாதியில் ஒரு மெகா கேம்ப், ஓட்டிப் போகும் தூரத்தில் தரம் ஒத்த கல்லூரியின் சொந்தக் கேம்ப் ஒன்று. மூன்றாவது வேண்டுமென்றால் மெகா கேம்பில் பேசிய கோச் கூப்பிட்டால் மட்டும்.

பணம் கட்டும் முன் பொசிஷன் கோச்சுக்குப் பையனே ஒரு மெயில் எழுதட்டும், அப்பா எழுத வேண்டாம். உயரம், எடை, மதிப்பெண், வீடியோ இணைப்பு, அப்புறம் ஒரே கேள்வி: "அன்று நீங்கள் மைதானத்தில் இருப்பீர்களா?" கோச் தன் பெயரில் இரண்டு வரி பதில் போட்டால் பதிவு செய்யுங்கள். பதிவுப் பக்கத்தின் இணைப்பே மறுபடி வந்தால், அந்த நாளை அடுத்த கல்லூரிக்குக் கொடுங்கள்.